கண்ணாடியை எடுத்துட்டுப் பாரு

போன வாரம் நிவேதா போன் பண்ணா. நான் ரிட்டயர் ஆன பிறகு பிஸிக்ஸ் லேப்புல என் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பொண்ணு அவ.

"அக்கா, லேப்பைக் காலி பண்ணிப் புதுக் கட்டடத்துக்கு மாத்தறாங்க. உங்க இருட்டுப் பெட்டி இருக்கில்ல, அதோட வாய்ல ஒரு காடி வெட்டியிருக்கு, கண்ணாடி சொருகற மாதிரி. ஆனா கண்ணாடியக் காணோம். உடைஞ்சு போச்சா? புதுசா ஒண்ணு போட்டுடட்டுமா?"

"போடாதே"ன்னு நான் போட்ட சத்தத்துல வீட்டுக்காரர் ஹால்லேருந்து எட்டிப் பார்த்தார்.

அவ பயந்துட்டா பாவம். "சரிக்கா, போடல. ஏன்னு மட்டும் எழுதிக் குடுங்க, பெட்டி மேல ஒட்டி வைக்கிறேன்"னா. ஒரு வரியில எழுதி ஒட்டற விஷயமா அது? அந்தப் பெட்டிக்குள்ள எரிஞ்ச ஒரு வெளிச்சத்தை ஒரே ஒருத்தங்க மட்டும்தான் கண்ணால பார்த்தாங்க. பக்கத்துலயே நின்ன நான் பார்க்கல. பார்க்கணும்ங்கிற ஆசை வேலையோட போகல, பென்ஷனோட சேர்ந்து வீட்டுக்கே வந்துடுச்சு. அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதறேன். வலது கண்ணுக்கு இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருக்கேன், எழுத்து கோணலா இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

எங்க அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முதலியார்பேட்டையில மில் சங்கு ஊதினாத்தான் எங்க தெருவுல சோறு வேகும். மில்லு தடுமாற ஆரம்பிச்ச காலத்துல நான் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் முடிச்சேன். லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு ஆராய்ச்சி லேப்புல உதவியாளர் வேலை கிடைச்சுது. முதல் சில வருஷம் என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா, கண்ணாடிச் சாமான் கழுவக் கத்துக்கிட்டேன், அவ்வளவுதான். சாதாரணக் கழுவல் இல்ல. சோப்பு, தண்ணி, அசிட்டோன், மறுபடி சுத்தத் தண்ணி. கை ரேகை ஒண்ணு பட்டிருந்தாலும் திருப்பிக் குடுத்துடுவாங்க.

திருப்பிக் குடுக்கறது மதாம். எல்லாரும் அவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம், பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதாவது சிப்பாயா இருந்தவர். வீட்டுல பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பிரான்ஸுல படிச்சு, அங்கேயே நல்ல வேலை கிடைச்சும் ஊருக்குத் திரும்பி வந்தவங்க. ஏன் வந்தீங்கன்னு கேட்டா, "அங்க மீன் குழம்புல புளி போடத் தெரியாது"ம்பாங்க. கல்யாணம் பண்ணிக்கல. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில கடிகாரம், வாய்ல ரெண்டு வார்த்தை. ஒண்ணு "நோன்", அதாவது இல்ல. இன்னொண்ணு "தூஸ்மான்", அதாவது மெதுவா. நாள் பூரா இந்த ரெண்டு வார்த்தையை வெச்சே லேப்பை நடத்திடுவாங்க.

எங்க வேலை துத்தநாக ஆக்சைடோட. பெரிய பேரைப் பார்த்துப் பயப்பட வேணாம். கிரிக்கெட் ஆடறவங்க மூக்குல பூசிக்கிற வெள்ளைதான் அது. அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடிக் குச்சியா வளர்த்தா, கரண்ட் விட்டதும் வெளிச்சம் குடுக்கும். பல்புக்கு ஆகும், வெயில்ல இருக்கிற புற ஊதாவை அளக்க சென்சாருக்கு ஆகும், தண்ணியில கிருமி கொல்லக்கூட ஆகும்னு உலகம் முழுக்க எழுதிக்கிட்டிருந்த நேரம்.

குச்சி வளர்க்கறதை நான் சொல்லியே ஆகணும், என் கை அதுலதான் பழகுச்சு. விரல் நகம் அளவு ஒரு சில்லு. அது மேல முதல்ல விதை மாதிரி ஒரு மெல்லிய பூச்சு. அதைச் சூடு பண்ணி ஆறவிடணும். அப்புறம் துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்ஸமைனும் கரைச்ச தண்ணியில சில்லைக் கவுத்துப் போட்டு, பாட்டிலை இறுக மூடி, ஓவனுக்குள்ள வைக்கணும். கொதிக்கக் கூடாது, கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலயே நிக்கணும். சில்லை ஏன் கவுத்துப் போடறோம்னா, நிமிர்த்திப் போட்டா தண்ணியில மிதக்கிற குப்பையெல்லாம் அது மேல படியும். எடுத்துக் கழுவிப் பார்த்தா, பளபளன்னு இருந்த சில்லு மேல வெள்ளையா ஒரு புகை படிஞ்ச மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்புல அதுவே கோரைப்புல் நட்ட மாதிரி நிக்கும். ஹெக்ஸமைன் நாத்தம் மட்டும் புடவையை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸுல பக்கத்துல உட்கார்றவங்க, மீன் வாங்கிட்டுப் போறேன்னு நினைச்சுக்குவாங்க.

அப்புறம் வெள்ளிப் பசையில முடி மாதிரி கம்பி ஒட்டி, சில்லை இருட்டுப் பெட்டிக்குள்ள வைப்போம். மேல, பார்க்கறதுக்கு ஒரு ஓட்டை. முன்பக்க வாய்ல வெளிச்சத்தைப் பிரிச்சுக் காட்டுற மிஷின். கரண்டைத் திருகி ஏத்தறது மதாம் கைதான், வேற யாரும் தொடக் கூடாது. ஒரு துளி திருகுவாங்க, நிப்பாங்க, மூச்சு விடுவாங்க, மறுபடி ஒரு துளி. "தூஸ்மான், தூஸ்மான்"னு சில்லுக்கிட்டயே சொல்லிக்குவாங்க. அந்தக் குரல்ல எங்ககிட்ட ஒரு நாள்கூடப் பேசினது இல்ல.

துத்தநாக ஆக்சைடுக்கு ரெண்டு வெளிச்சம். ஒண்ணு, அதோட சொந்த வெளிச்சம். அது ஊதாவுக்கும் அந்தாண்டை, கண்ணுக்குத் தெரியற எல்லையில நிக்கும். இன்னொண்ணு பச்சை. அது குச்சி வளரும்போது உள்ளே உண்டாகிற குறையால வர்றது. எங்களுக்கு வந்ததெல்லாம் பச்சைதான். எத்தனை சில்லு, எத்தனை விதமா வளர்த்தாலும் மிஷின் திரையில பச்சைக்கு மட்டும் ஒரு மேடு எழும்பும், ஊதாப் பக்கம் வழிச்சு விட்ட மாதிரி கிடக்கும். மதாம் அதைப் பார்த்துட்டு, "இது குறை பேசுது. அது பேசலை"ன்னு எழுந்து போயிடுவாங்க. சொந்த வெளிச்சத்தை ஒரு தடவை பார்க்கணும். அவங்க ஊருக்குத் திரும்பி வந்ததே அதுக்குத்தான்னு எனக்குத் தோணும், மீன் குழம்புக்கு இல்ல.

பெட்டி வாய்க் காடியில ஒரு கண்ணாடி இருந்துச்சு. எங்க லேப்புக்குக் கடல் காத்து நேரா வரும். உப்புக்காத்து பட்டா இரும்பே பொரிஞ்சு போற ஊர்ல மிஷின் எந்த மூலைக்கு? அதனால பெட்டி செஞ்சப்பவே, "வாய்க்குக் கண்ணாடி போட்டு மூடச் சொல்லு"ன்னு மதாம் சொன்னாங்க. ஆச்சாரி, நிஜக் கண்ணாடின்னா உடையும்னு நல்ல எண்ணத்துல, கண்ணாடி மாதிரியே இருக்கிற கெட்டி பிளாஸ்டிக் தகடு ஒண்ணு சொருகிட்டுப் போனார். மழைக்காலம் முடிஞ்சா அதே கடையில அதே தகடு வாங்கி மாத்துவோம். வருஷக்கணக்கா அதைக் கண்ணாடின்னுதான் சொன்னோம். பிளாஸ்டிக்னு ஞாபகமே போயிடுச்சு.

மதாமுக்கு ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்துல, கண்ணுல புரை விழுந்துச்சு. ஆபரேஷன்ல ஏதோ சிக்கல். வலது கண்ணுல புது லென்ஸ் வைக்க முடியல, பழசை எடுத்துட்டு அப்படியே விட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா சோடாபுட்டி மாதிரி மூக்குக் கண்ணாடி. போட்டா அவங்க கண்ணு ரெண்டு மடங்கு பெருசாத் தெரியும். நாங்க சிரிக்கல. சிரிச்சா யாரு வாங்கிக் கட்டிக்கறது?

அப்பத்தான் அந்தச் சில்லு வந்துச்சு. வளர்த்தது சரவணன். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், மதாம்கிட்ட பி.எச்டி. பண்ணிக்கிட்டிருந்தான். வேற ஒரு பொருள்ல செஞ்ச சில்லு வெளிநாட்டுலேருந்து வந்திருந்துச்சு, அது மேல குச்சி வளர்த்திருந்தான். விளக்கையெல்லாம் அணைச்சோம். மதாம் திருகினாங்க. அன்னைக்குப் புழுக்கம், மூக்குக் கண்ணாடியில வேர்வை ஆவி படிஞ்சுது. கழட்டி முந்தானையில துடைச்சுக்கிட்டே ஓட்டைல குனிஞ்சவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"வசந்தா, ஊதா"ன்னாங்க. குரலே வேற மாதிரி இருந்துச்சு.

நான் குனிஞ்சு பார்த்தேன். வெளிறின பச்சை. சரவணன் பார்த்தான். "ஏதோ தெரியற மாதிரி இருக்கு மதாம்"னான். அவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சுது. திரையைப் பார்த்தோம். பச்சை மேடு, ஊதாப் பக்கம் வழக்கம்போல மொட்டை.

மறுநாள் திட்டத்தைப் பார்வையிட வெளியூர்க் கமிட்டி வந்துச்சு. மூணு பேர். மதாம் அவங்ககிட்ட, சொந்த வெளிச்சம் வந்துடுச்சு, கண்ணால பார்த்தேன்னு சொன்னாங்க. அவங்களும் குனிஞ்சு பார்த்தாங்க, திரையைப் பார்த்தாங்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அதுல பெரியவர் ரொம்பத் தன்மையாத்தான் சொன்னார்: "மேடம், கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்குக் கொஞ்ச நாளைக்கு எல்லாமே நீலமாத் தெரியும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தாக்கூட மதாம் பதிலுக்கு ரெண்டு வாங்கு வாங்கியிருப்பாங்க. பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்றது? "அப்படியும் இருக்கலாம்"னு சொல்லிட்டு, பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இத்தனை வருஷம் ஒரு அளவுகூடக் கூட்டிச் சொல்லாத பொம்பளை. போற நேரத்துல அவங்க கண்ணே பொய் சொல்லுதுன்னு ஆக்கிட்டாங்களேன்னு இருந்துச்சு. ஆனா உண்மையைச் சொல்லணும், எனக்கும் அவங்க சொன்னது மேல நம்பிக்கை இல்ல. நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேனே, தெரியலையே.

அடுத்த நாள் காலையில லேப் போன் அடிச்சுது.

"வசந்தா, கண்ணாடி. கண்ணாடியாலதான் தெரியல. கண்ணாடியை எடுத்துட்டுப் பாரு." அவ்வளவுதான், வெச்சுட்டாங்க. எந்தக் கண்ணாடின்னு நான் கேட்கல. கேட்கத் தோணவும் இல்ல. எங்க லேப்புல கண்ணாடின்னா பெட்டிக் கண்ணாடிதான்.

நான் ஸ்க்ரூடிரைவரைத் தேட, சரவணன் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அக்கா, உப்புக்காத்து. மிஷின் போயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"மதாம் சொல்லியிருக்காங்கடா. நீ ஜன்னலைச் சாத்து."

நாலு திருகையும் கழட்டித் தகட்டை உருவினேன். விளக்கணைச்சோம். மதாம் இல்லாததால சரவணன் கரண்டை ஏத்தினான். பின்னாலேருந்து நான் "தூஸ்மான்டா"ங்கறேன். திரையில முதல்ல பச்சை மேடு வந்துச்சு. அப்புறம், வருஷக்கணக்கா மொட்டையாக் கிடந்த ஊதாப் பக்கத்துல, ஊசி மாதிரி ஒரு பீக் நேரா மேல எழும்பி நின்னுச்சு. சரவணன், வேற எங்கேருந்தோ வர்ற வெளிச்சமா இருக்கப்போகுதுன்னு கரண்டை நிறுத்தினான், பீக் படுத்துடுச்சு. மறுபடி விட்டான், எழும்புச்சு. நான் தகட்டைக் காடியில வெச்சேன், படுத்துச்சு. எடுத்தேன், எழும்புச்சு. சின்னப் பிள்ளைங்க சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்குமே, அப்படி ரெண்டு பேரும் பண்ணிக்கிட்டிருந்தோம்.

அந்த நேரத்துல மதாம் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. உள்ளே வரும்போதே, "எடுத்துட்டுப் பார்த்தியா?"ன்னாங்க.

"எடுத்துட்டேன் மதாம், இதோ"ன்னு தகட்டைக் காட்டினேன்.

அவங்க தகட்டைப் பார்த்தாங்க, என் முகத்தைப் பார்த்தாங்க. "நோன். இதையா சொன்னேன்? உன் மூக்கு மேல இருக்கே, அதை. நான் என்னோடதைக் கழட்டினப்பத்தானே தெரிஞ்சுது..." பாதியில நின்னுடுச்சு பேச்சு. திரை கண்ணுல பட்டுடுச்சு.

கிட்டப் போய்ப் பார்த்தாங்க. என் கையிலேருந்த தகட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாங்க, நகத்தால ஒரு தட்டு தட்டினாங்க. பொத்துன்னு பிளாஸ்டிக் சத்தம். "புற ஊதாவை உள்ளே விடற குவார்ட்ஸ் இல்லையா இது? இத்தனை வருஷமாவா?"ன்னாங்க. நாற்காலியில உட்கார்ந்தாங்க. திட்டு விழப்போகுதுன்னு நான் தயாரா நின்னேன். அவங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. மதாம் சிரிச்சு அப்பத்தான் பார்த்தேன்.

அப்புறம், தனக்கே அப்பத்தான் முழுசாப் புரிஞ்சதை விளக்கமாச் சொன்னாங்க. நம்ம கண்ணுக்குள்ள பிறக்கும்போதே ஒரு லென்ஸ் இருக்கு. புற ஊதா உள்ளே போகாம அது தடுத்துடும். அவங்க வலது கண்ணுல அந்தத் தடுப்பு போயிடுச்சு. அதனால டாக்டர் மூக்குக் கண்ணாடியிலயே தடுப்பு வெச்சுக் குடுத்திருந்தார். அதைக் கழட்டினதும் அவங்க கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. மிஷின் வாய்ல அந்தப் பிளாஸ்டிக், அவங்க கண்ணுக்கு முன்னால அந்தச் சோடாபுட்டி. ரெண்டும் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கு. அவங்க சொன்ன கண்ணாடி வேற, நான் எடுத்த கண்ணாடி வேற. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா இருந்ததால பிழைச்சோம். "பிரெஞ்சுல சொல்லியிருந்தா நீ சரியாப் புரிஞ்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு ஒண்ணும் தெரியலன்னு சொல்லியிருப்பே"ன்னாங்க.

கமிட்டிக்கு அந்தக் கோட்டுப் படத்தை அனுப்பினோம். பெரியவர் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார், சும்மா சொல்லக் கூடாது. சரவணனுக்கு பி.எச்டி. முடிஞ்சுது. இப்ப சேதராப்பட்டுல புற ஊதா சென்சார் செய்யற ஒரு இடத்துல இருக்கான். காடியில இனிமே எதுவும் சொருகக் கூடாது, வேலை முடிஞ்சா துணி போட்டு மூடுன்னு மதாம் உத்தரவு. நிவேதா, நீ கேட்டதுக்குப் பதில் இதான்.

என் கதை இதோட முடியல. அந்தச் சில்லு எரிஞ்ச கொஞ்ச நாளும், மதாம் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் வருவாங்க, கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்துட்டு ஓட்டைல குனிவாங்க. நான் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிப்பேன்.

"எப்படி மதாம் இருக்கு? கத்திரிப்பூ கலரா?"

"நோன். அதுல சிவப்பு இருக்கு."

"சங்குப்பூவா?"

"நோன். அது கெட்டி." ரொம்ப நேரம் யோசிப்பாங்க. "வெள்ளைக்கும் ஊதாவுக்கும் நடுவுல. சொல்ல வரல வசந்தா. நீ பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை விடல. அதே சில்லு, அதே ஓட்டை. நான் குனிஞ்சா எனக்குப் பச்சை. ஒரு நாள் கரண்ட் விட்டதும் கம்பி ஒட்டின இடம் கருகிப்போச்சு. மதாம் திருகைச் சைபருக்குத் திருப்பிட்டு, சில்லைத் தொட்டு, "மெர்சி"ன்னாங்க, நன்றின்னு அர்த்தம். அதுக்குப் பிறகு எத்தனையோ சில்லு வந்துச்சு, பீக்கும் வந்துச்சு. மதாம் ரிட்டயர் ஆகி, பிரான்ஸுல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்கேயே காலமாயிட்டாங்கன்னு ஒரு நாள் செய்தி வந்துச்சு. அந்தக் கலரை அவங்களோட எடுத்துக்கிட்டே போயிட்டாங்க. எனக்கு அவங்க ஞாபகம் வரும்போதெல்லாம் அவங்க முகம் வராது, குனிஞ்ச முதுகும் என் கையில இருந்த அந்தக் கண்ணாடியோட கனமும்தான் வரும். இன்னொரு தடவை பிடிச்சுக்கிட்டு நிக்கணும் போல இருக்கு.

இந்த வருஷம் எனக்கே புரை விழுந்துச்சு. எங்க ஊர்க் கதிர்காமத்துல கண்ணு டாக்டர் பார்த்துட்டு, ஆபரேஷன்தான்னுட்டார். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். என் வாய் சும்மா இருக்குமா?

"புற ஊதாவைத் தடுக்காத லென்ஸ் இருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. இப்ப நாங்க வைக்கிற எல்லாத்துலயும் தடுப்பு உண்டு. அதுதான் கண்ணுக்கு நல்லது."

"லென்ஸே வைக்காம விட்டா?"

பேனாவைக் கீழே வெச்சுட்டார். "எல்லாரும் நல்ல லென்ஸா வைங்கன்னுதான் கேட்பாங்க. வேணாம்னு நீங்கதாம்மா கேக்கறீங்க." பக்கத்துல வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். சரின்னு கையெழுத்துப் போட்டேன்.

ஊசி கிடையாது, சொட்டு மருந்துதான். முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். பேசக் கூடாது, அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. மேல இருந்த விளக்கு முதல்ல மஞ்சளா, கலங்கின தண்ணிக்குள்ளேருந்து பார்க்கிற மாதிரி தெரிஞ்சுது. ஏதோ உறிஞ்சற சத்தம். அப்புறம் மஞ்சள் முழுசாப் போயிடுச்சு. உருவம் ஒண்ணும் இல்ல, வெறும் வெளிச்சம். வெள்ளையும் இல்ல, ஊதாவும் இல்ல.

அது துத்தநாக ஆக்சைடு இல்லன்னு எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி விளக்கு. மதாம் இருந்தா "நோன்"னுதான் சொல்லியிருப்பாங்க. தெரிஞ்சும் என்னால சும்மா இருக்க முடியல.

"கண்ணாடியை எடுத்துட்டீங்களா டாக்டர்?"

"லென்ஸைத்தானே கேக்கறீங்க? எடுத்தாச்சும்மா. புதுசு ரெடி, இதோ வைக்கப்போறேன். பேசாதீங்க."

"தூஸ்மான்."

"என்னம்மா?"

"மெதுவா வைங்கன்னு சொன்னேன்."